அடுப்படிச் சுவர் டைல்ஸும் சிம்னியும்: இரண்டையும் ஒரே வேலையாகத் திட்டமிடுவது எப்படி

டைல்ஸ் ஒட்டி முடியட்டும், சிம்னியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் அடுப்படி வேலையில் அதிகம் நடக்கும் தவறு. சிம்னி வந்ததும் புகைக்குழாய்க்குச் சுவரில் துளை போட வேண்டியிருக்கும். புது டைல்ஸில் விரிசல் விழும். பிளக் பாயின்ட் குழாய் போகும் வழியிலேயே இருக்கும், இல்லாவிட்டால் ஒயர் வெளியே தொங்கும். டைல்ஸ் சிம்னியின் அடிவிளிம்போடு நின்றுவிட்டால், அதற்கு மேலுள்ள வெறும் சுவர் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உள்வாங்கியிருக்கும். டைல் 8 மி.மீ., பசை 3 மி.மீ. என்றால் 11 மி.மீ. வித்தியாசம். சிம்னியின் முதுகு சுவரில் படியாமல் பின்பக்கம் சந்து விழும், எண்ணெய்ப் பிசுக்கு அதற்குள் போய்ச் சேரும், துடைக்கக் கை நுழையாது.

ஆகவே எந்த சிம்னி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதன் அளவுகளைச் சுவரில் பென்சிலால் வரையுங்கள். குழாய்த் துளை, மின்சார வேலை, சுவர்ப் பூச்சு முடிந்த பிறகு டைல்ஸ். சிம்னியை மாட்டுவது கடைசியில். பொருளைக் கையில் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, அந்த மாடலின் பொருத்தும் கையேட்டிலுள்ள அளவுப் படம் கையில் இருந்தாக வேண்டும்.

உயரத்தை எங்கிருந்து அளப்பது

சிம்னியின் அடிவிளிம்புக்கும் அடுப்புக்கும் உள்ள இடைவெளியைப் பலர் மேடைக் கல்லிலிருந்து அளக்கிறார்கள். அளக்க வேண்டியது பாத்திரம் உட்காரும் இடத்திலிருந்து, அதாவது பர்னருக்கு மேலுள்ள கம்பித் தாங்கியிலிருந்து. மேடைக்குள் பதித்த அடுப்பு என்றால் வித்தியாசம் சில சென்டிமீட்டர்தான். மேடைமேல் தூக்கி வைக்கும் அடுப்பு என்றால் 10 முதல் 15 செ.மீ. வரை ஏறிவிடும். மேடையிலிருந்து 65 என்று அளந்து மாட்டியிருந்தால் உண்மையில் கிடைப்பது 50தான். வாயு அடுப்புக்கு அது ஆபத்தான நெருக்கம். வடிகட்டியில் தேங்கிய எண்ணெய் சூடேறித் தீப்பிடிக்கும் வாய்ப்பு அங்கேதான் தொடங்குகிறது.

வாயு அடுப்புக்கு 65 முதல் 75 செ.மீ., மின் அடுப்புக்கும் இன்டக்ஷனுக்கும் 60 முதல் 70 செ.மீ. என்பது பொதுவான அளவு. அடுப்பின் கையேடு ஒரு எண்ணும் சிம்னியின் கையேடு வேறொரு எண்ணும் சொன்னால், அதிகமானதை எடுத்துக்கொள்ளுங்கள். 80 செ.மீ. தாண்டினால் புகை பக்கவாட்டில் பரவத் தொடங்கும். எவ்வளவு பெரிய மோட்டார் போட்டாலும் பரவிய புகையைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தரையிலிருந்து மேடை 86 செ.மீ., அடுப்பு 12 செ.மீ., இடைவெளி 70 செ.மீ. கூட்டினால் சிம்னியின் அடிவிளிம்பு தரையிலிருந்து 168 செ.மீ. உயரத்தில் வரும். இந்த ஒரு எண்தான் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை. சுவரில் ரசமட்டம் வைத்து இந்தக் கோட்டை நீளமாக இழுத்துவிடுங்கள். அடுப்பின் நடுவிலிருந்து மேல்நோக்கி ஒரு தூக்குக்கோடும் போடுங்கள். குழாய், துளை, டைல் வரிசை எல்லாம் இந்த இரண்டு கோட்டிலிருந்துதான் அளக்கப்படும். தரையிலிருந்து தனித்தனியாக அளக்க ஆரம்பித்தால், தரையின் வாட்டம் ஒவ்வொரு அளவிலும் புகுந்துவிடும்.

அகலம், இழுக்கும் திறன்

சிம்னியின் அகலம் அடுப்பை விடக் குறையவே கூடாது. இடம் இருந்தால் இரண்டு பக்கமும் 7 செ.மீ. கூடுதலாக இருப்பது நல்லது. 60 செ.மீ. அடுப்புக்கு 75, 75 செ.மீ. அடுப்புக்கு 90. மேல் அலமாரி ஏற்கெனவே இருந்தால், அவற்றுக்கு நடுவே சிம்னி அகலத்தோடு பக்கத்துக்கு 2 அல்லது 3 மி.மீ. கூடுதல் இடம் வேண்டும். இல்லாவிட்டால் மாட்டும்போதே கீறல் விழும்.

காற்றிழுக்கும் திறனை மணிக்கு இத்தனை கனமீட்டர் என்று குறிப்பார்கள். அறையின் நீள அகல உயரத்தைப் பெருக்கி, அதைப் பத்து அல்லது பன்னிரண்டால் பெருக்கினால் குறைந்தபட்சத் தேவை கிடைக்கும். 3 மீட்டர், 2.5 மீட்டர், 2.8 மீட்டர் அறை என்றால் 21 கனமீட்டர். தேவை 210 முதல் 250. ஆனால் பெட்டிமேல் போடும் எண் பெரும்பாலும் குழாய் மாட்டாமல் அளந்தது. குழாயின் நீளம், வளைவு, அழுக்கேறிய வடிகட்டி எல்லாம் அதைக் குறைக்கும். தாளிப்பும் பொரிப்பும் தினமும் உண்டு என்றால் கணக்கில் வந்ததைப் போல் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளலாம். அடுப்படியும் கூடமும் ஒரே அறையாகத் திறந்திருந்தால் கூடத்தின் கன அளவையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

அதற்காக அளவுக்கு மீறிப் பெரிய மோட்டார் வாங்குவதும் புத்திசாலித்தனம் இல்லை. வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வந்தாக வேண்டும். கதவு ஜன்னல் எல்லாம் இறுக மூடியிருந்தால் சிம்னி சத்தம் மட்டும்தான் போடும். அதே அறையிலோ பக்கத்திலோ புகைபோக்கி வைத்த வாயு ஹீட்டர் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: அதன் புகையையே வீட்டுக்குள் திருப்பி இழுத்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஜன்னலில் ஒரு சந்து எப்போதும் திறந்திருக்கும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

புகைக்குழாய்

சிம்னி சரியாக இழுக்கவில்லை என்ற குறையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது குழாயைத்தான்; மோட்டாரை அப்புறம் பார்க்கலாம். மோட்டாரின் வாய் 150 மி.மீ. என்றால் வெளிச்சுவர் வரை 150 மி.மீ. குழாயே போக வேண்டும். 120 மி.மீ.க்குக் குறைத்தால் வாயின் பரப்பு ஏறக்குறைய 177 சதுர செ.மீ.யிலிருந்து 113க்கு இறங்கும். 100 மி.மீ. என்றால் 79தான், பாதிகூட இல்லை. சுவரில் ஏற்கெனவே சின்னத் துளை இருக்கிறது, அதையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வளைவில்லாத உலோகக் குழாய்தான் சிறந்தது. மடிப்பு மடிப்பாக நீளும் அலுமினியக் குழாய் போடுவதானால் முழுவதும் இழுத்து நீட்டி, மிச்சத்தை வெட்டி எறிந்துவிட வேண்டும். பாதி சுருங்கிய நிலையில் விட்டால் ஒவ்வொரு மடிப்பும் காற்றைத் தடுக்கும், எண்ணெயும் அங்கேயே தேங்கும். பிளாஸ்டிக் குழாய் வேண்டாம். தீப்பிடித்தால் உருகித் தீயைப் பரப்பும். 90 பாகை வளைவு ஒன்று ஏறத்தாழ இரண்டு மீட்டர் நேர்க்குழாய்க்குச் சமமான தடையைக் கொடுக்கும். அதனால் மொத்த நீளம் 3, 4 மீட்டருக்குள், வளைவு இரண்டுக்குள் முடியும்படி வழியைத் தேர்ந்தெடுங்கள். மோட்டாருக்கு மேல் குறைந்தது 30 செ.மீ. நேராகப் போன பிறகு முதல் வளைவு வரட்டும். உடனே வளைத்தால் மோட்டாரின் சத்தம் கூடும்.

குழாயின் கிடைமட்டப் பகுதிக்கு வெளிப்பக்கமாக வாட்டம் கொடுக்க மறக்காதீர்கள். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் இறக்கம் போதும். ஆவி குழாயில் குளிர்ந்து தண்ணீராகி, வாட்டம் உள்பக்கம் இருந்தால் எண்ணெயோடு கலந்து அடுப்பின்மேல் சொட்டும். வடிகட்டி கசிகிறது என்று நினைத்து அதை மாற்றுபவர்கள் உண்டு, ஆனால் கோளாறு துளையின் சரிவில்தான் இருக்கும்.

150 மி.மீ. குழாய்க்கு 160 மி.மீ. துளை வேண்டும். உளியால் உடைப்பதை விட வட்டமாகத் துளை அறுக்கும் கோர் கட்டிங் மெஷினில் அறுப்பது மேல், சுற்றுப்பூச்சு உடையாது. உத்திரம், தூண், ஜன்னலுக்கு மேலுள்ள லின்டல் ஆகியவற்றில் துளை வரக்கூடாது. வெளிப்பக்கம் தானாகத் திறந்து மூடும் மடல் வைத்த மூடி போடுங்கள். கொசுவலை மாதிரி நுண்ணிய வலை வேண்டாம், சில மாதங்களில் எண்ணெய் படிந்து அடைத்துவிடும். இணைப்புகளில் கிளாம்ப் போட்டு அலுமினிய டேப் சுற்றுங்கள். துணி டேப் சூட்டில் பசை விட்டுப் பிரியும். குழாயை மேல்தளத்துக்கும் பொய்க்கூரைக்கும் நடுவில் முடித்து விடுவதும், வேறு வாயு உபகரணத்தின் புகைபோக்கியில் இணைப்பதும் கூடவே கூடாது.

வெளியே துளை போட வழியே இல்லாத வீட்டில் கரி வடிகட்டி வைத்து காற்றை உள்ளேயே திருப்பி விடும் வகை உண்டு. வாசனை ஓரளவு குறையும். வெப்பமும் ஈரமும் அப்படியே அறைக்குள்தான் இருக்கும், கரியையும் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வேறு வழி இல்லாதபோது மட்டும் அது.

மின்சாரம்

சிம்னியின் பிளக் பாயின்ட் அடுப்புக்கு மேலே கண்ணில் படும் இடத்தில் வரக்கூடாது. குழாயை மறைக்கும் உறைக்குள், ஆனால் குழாய் போகும் பாதையிலிருந்து விலகி வர வேண்டும். அளவுப் படத்தில் உறையின் அகலத்தைப் பாருங்கள். உறை 25 செ.மீ. அகலம், குழாய் 15 செ.மீ. என்றால் பக்கத்துக்கு 5 செ.மீ.தான் மிச்சம், பிளக் அங்கே நிற்காது. அப்போது உறைக்கு மேலேயோ பக்கத்து அலமாரிக்குள்ளோ பாயின்ட் வையுங்கள். எர்த் இணைப்பு கட்டாயம் இருக்க வேண்டும். மேடைக்கு மேலுள்ள மற்ற பாயின்ட்டுகளின் பெட்டி, டைல் தடிமனைச் சேர்த்து முன்னால் வரும்படி பதிக்கப்பட வேண்டும். அதை மறந்தால் சுவிட்ச் பலகையை மாட்ட நீளமான திருகு தேடி அலைய நேரிடும்.

பூச்சு மூடுவதற்கு முன் எல்லா ஒயரையும் பைப்பையும், அளவு நாடாவைச் சுவரில் ஒட்டி வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிம்னிக்கு டிரில் செய்யும் நாளில் இந்தப் படம் கைகொடுக்கும்.

டைல் தேர்வும் எண்ணிக்கையும்

அடுப்புக்குப் பின்னால் வழவழப்பான கண்ணாடிப் பூச்சுள்ள செராமிக்கோ விட்ரிஃபைடோ போதும். சொரசொரப்பான டைல் கடையில் அழகு. வீட்டில் எண்ணெய்த் துளி அதன் குழிகளில் உட்கார்ந்துவிடும். இயற்கைக் கல் எண்ணெயை உறிஞ்சும், உறிஞ்சாமல் தடுக்கும் சீலர் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். செயற்கை குவார்ட்ஸ் பலகையில் ரெசின் கலந்திருப்பதால், பர்னருக்கு நேர் பின்னால் நிறம் மாறக்கூடும். கண்ணாடிப் பலகை வைப்பதானால் வெப்பம் தாங்கும்படி பதப்படுத்திய கண்ணாடி, குறைந்தது 6 மி.மீ. தடிமனில் வேண்டும். அதைப் பதப்படுத்திய பின் துளையிடவோ வெட்டவோ முடியாது. பிளக் பாயின்ட் துளைகளின் அளவை முன்பே கொடுத்துவிட வேண்டும்.

இனி எண்ணிக்கை. சுவர் 2.4 மீட்டர் நீளம், மேடைக்கு மேல் 60 செ.மீ. உயரம்: 1.44 சதுர மீட்டர். சிம்னிக்குப் பின்னால் 90 செ.மீ. அகலப் பட்டை, 60 செ.மீ.க்கு மேலும் ஏறி சிம்னியின் அடிவிளிம்பைத் தாண்டி 10 செ.மீ. போக வேண்டும். மேலே சொன்ன கணக்கில் தரையிலிருந்து 146 செ.மீ. முதல் 178 வரை, 32 செ.மீ. அது 0.29 சதுர மீட்டர். மொத்தம் 1.73. வெட்டுக்கும் உடைசலுக்கும் பத்து சதவீதம் சேர்த்தால் 1.9. டைல் 30 க்கு 7.5 செ.மீ. என்றால் ஒன்றின் பரப்பு 0.0225, ஆக 85 டைல்கள். சாய்வாகவோ மீன்முள் மாதிரியோ ஒட்டுவதானால் சேதாரம் பதினைந்து, இருபது சதவீதம் ஆகும். எல்லாப் பெட்டியும் ஒரே பேட்ச் எண்ணாக இருக்கிறதா என்று பாருங்கள். பேட்ச் மாறினால் நிறம் லேசாக மாறும்.

6 மி.மீ. பல் வைத்த கரண்டியால் இழுத்தால் பசை சதுர மீட்டருக்கு 3 முதல் 4 கிலோ ஆகும். இந்தச் சுவருக்கு 7 கிலோ போதும். டைல் இடுக்குகளை நிரப்பும் கலவையான கிரவுட்டுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது: டைலின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, அவற்றின் பெருக்கத்தால் வகுத்து, தடிமன், இடுக்கின் அகலம், 1.6 ஆகியவற்றால் பெருக்க வேண்டும். அளவுகள் எல்லாம் மி.மீ.யில். 300, 75, தடிமன் 8, இடுக்கு 2 என்றால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 0.43 கிலோ. இந்தச் சுவருக்கு முக்கால் கிலோ, வீணாவதைச் சேர்த்து ஒரு கிலோ.

ஒட்டுவதற்கு முன் வரிசை பார்ப்பது

அழகும் அசிங்கமும் தீர்மானமாவது இங்கேதான், ஆனால் இதற்கு அரை மணி நேரம்கூட யாரும் ஒதுக்குவதில்லை. பார்ப்பவர் கண் முதலில் போவது அடுப்புக்கு மேலே என்பதால், அடுப்பின் தூக்குக்கோட்டிலிருந்து தொடங்குங்கள். அந்தக் கோட்டில் ஒரு டைலின் நடு வர வேண்டுமா, இரண்டு டைலுக்கு இடையிலுள்ள இடுக்கு வர வேண்டுமா? ஓரங்களில் மிஞ்சும் துண்டுதான் அதை முடிவு செய்யும்.

இடது மூலையிலிருந்து கோடு 110 செ.மீ., வலது மூலை 130 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இடுக்கோடு சேர்த்து ஒரு டைல் 30.2 செ.மீ. இடுக்கைக் கோட்டில் வைத்தால் இடது ஓரத்தில் 19 செ.மீ., வலது ஓரத்தில் 9 செ.மீ. துண்டு வரும். டைலின் நடுவைக் கோட்டில் வைத்தால் இடது ஓரத்தில் 4 செ.மீ. சில்லு வரும். வெட்டும்போதே பாதி உடையும், ஒட்டினாலும் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும். நேர் அடுக்கு என்றால் முதல் வழியே சரி. செங்கல் அடுக்கு போல் பாதி தள்ளி ஒட்டினால் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் அந்த 4 செ.மீ. சில்லு வந்தே தீரும். அப்போது மொத்த வரிசையையும் கோட்டிலிருந்து 3 செ.மீ. வலப்பக்கம் தள்ளினால் சில்லு 7 செ.மீ. ஆகிவிடும், அடுப்புக்கு நேரே அந்த விலகல் யார் கண்ணுக்கும் படாது.

உயரத்தில் இதே கணக்கு: ஒரு வரிசை 7.7 செ.மீ., மேடையோரம் 3 மி.மீ. சந்து, ஏழு வரிசைக்குப் பிறகு 5.8 செ.மீ. மிஞ்சும். வெட்டிய வரிசை மேலே, அலமாரியின் அடியில் மறையட்டும். மேடையோரம் முழு டைலாக இருக்கட்டும். மேடை மட்டமாக இல்லாவிட்டால் முதல் வரிசையை மேடைமேல் உட்கார வைக்காமல், மட்டக்கோட்டில் ஒரு நேர்ச்சட்டம் அடித்து இரண்டாம் வரிசையிலிருந்து மேலே போங்கள். பசை இறுகியதும் சட்டத்தை எடுத்துவிட்டு முதல் வரிசையை அளந்து வெட்டி வையுங்கள்.

சுவர், பசை, கிரவுட்

இரண்டு மீட்டர் நேர்ச்சட்டத்தைச் சுவரில் வைத்தால் 3 மி.மீ.க்கு மேல் சந்து தெரியக்கூடாது. தெரிந்தால் முதலில் பூச்சைச் சரிசெய்யுங்கள், பசையைத் தடிப்பாக வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். தடித்த பசை காய்கையில் சுருங்கி டைலை உள்ளே இழுக்கும். புதுப் பூச்சு என்றால் மூன்று, நான்கு வாரம் காயட்டும். பெயின்ட்டைச் சுரண்டிச் சொரசொரப்பாக்க வேண்டும். ஜிப்சம் பூச்சுள்ள சுவரில் அதற்கான பிரைமர் அடிக்காமல் சிமென்ட் பசை போட்டால், ஜிப்சமும் சிமென்ட்டும் ஈரத்தில் வினைபுரிந்து டைல் பலகை பலகையாகக் கழன்று வரும். பழைய டைல்மேல் ஒட்டுவதானால் ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். டொக்கு டொக்கென்று வெற்றுச் சத்தம் கேட்பதை எடுத்துவிட வேண்டும்.

பசையை ஒரே திசையில் இழுத்து, டைலை அழுத்தி லேசாக அசையுங்கள். நடுநடுவே ஒரு டைலைப் பிரித்து முதுகைப் பாருங்கள், முழுக்கப் பசை படிந்திருக்க வேண்டும். நான்கு மூலையில் உருண்டை வைத்து ஒட்டும் பழக்கத்தை அடுப்படியில் அனுமதிக்காதீர்கள்: உள்ளே வெற்றிடம் இருக்கும், பிறகு டிரில் பிட் பட்டவுடன் அந்த இடம்தான் உடையும். சிம்னிக்குத் துளை வரும் பகுதியில் மட்டுமாவது பசை நூறு சதவீதம் படிந்திருக்கட்டும்.

24 மணி நேரம் கழித்து கிரவுட். அடுப்புக்குப் பின்னால் எபாக்ஸி என்னும் ரெசின் வகைக் கிரவுட்தான். சிமென்ட் கிரவுட் மஞ்சளையும் எண்ணெயையும் குடித்துக் கறுத்துவிடும். எபாக்ஸி அரை மணி, முக்கால் மணி நேரத்தில் இறுகத் தொடங்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். டைல்மேல் படிந்த படலத்தை ஈர ஸ்பாஞ்சால் உடனுக்குடன் துடையுங்கள். மறுநாள் துடைத்துக்கொள்ளலாம் என்றால் துடைக்கவே முடியாது. மேடையும் சுவரும் சேரும் இடத்திலும் உள்மூலைகளிலும் கிரவுட் போடாமல் சிலிகான் அடியுங்கள். மேடைக் கல்லும் சுவரும் தனித்தனியாக அசைபவை, கிரவுட் அங்கே விரிந்து தண்ணீர் அலமாரிக்குள் இறங்கும்.

சிம்னியை மாட்டுதல்

டைல் ஒட்டி மூன்று நாளாவது ஆன பிறகு துளை போடுங்கள். கையேட்டிலுள்ள அச்சுத்தாளைத் தூக்குக்கோட்டுக்கும் அடிவிளிம்புக் கோட்டுக்கும் பொருத்தி ஒட்டி, ரசமட்டம் பாருங்கள். துளை டைலின் விளிம்பிலிருந்து 2 செ.மீ.யாவது தள்ளி வரட்டும். குறிமேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, டைலுக்கான பிட்டால் மெதுவான வேகத்தில் தொடங்குங்கள். டைலைக் கடக்கும் வரை டிரில்லின் சுத்தியல் அடி நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். கடந்த பிறகு பிட்டை மாற்றிச் சுவரைத் துளைக்கலாம். திருகைப் பிடிக்கும் சுவர்ப் பிளக்கின் முழு நீளமும் சுவருக்குள் போகட்டும். டைலின் தடிமனிலேயே நின்றுவிட்டால், திருகு இறுகும்போது பிளக் விரிந்து டைல் பிளந்துவிடும்.

சிம்னி 10 முதல் 20 கிலோ வரை இருக்கும். திடமான செங்கல் அல்லது கான்கிரீட்டில் சாதாரண ஆங்கர் தாங்கும். பொள்ளல் செங்கல்லுக்கும் காற்றடைத்த லேசான பிளாக்குக்கும் அவற்றுக்கென்றே உள்ள சுவர்ப் பிளக் வேண்டும். ஜிப்சம் பலகைச் சுவர் என்றால் பலகை மூடுவதற்கு முன்பே பின்னால் 18 மி.மீ. பிளைவுட் கொடுத்திருக்க வேண்டும்.

மாட்டும்போது இருவர் தூக்குங்கள். மேடையில் தடித்த அட்டை விரித்துக்கொள்ளுங்கள். மேல் கொக்கியில் தொங்கவிட்டு மட்டம் பார்த்த பின் கீழ்த் திருகை முடுக்குங்கள். குழாயை இணைக்கும் முன் மோட்டார் வாயில் இருக்கும் மடல்களைக் கையால் தள்ளிப் பாருங்கள். பயணத்தில் ஆடாமலிருக்கச் சிலவற்றில் டேப் ஒட்டியிருப்பார்கள். அதை எடுக்காமல் மாட்டிவிட்டு, இழுக்கவில்லை என்று புகார் செய்வது அடிக்கடி நடக்கிறது. வடிகட்டியில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளும் அதே கதைதான்.

கடைசியில் ஜன்னலைச் சற்றே திறந்து, சிம்னியைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, வடிகட்டியின் கீழ் ஒரு மெல்லிய தாளைப் பிடியுங்கள். தானாக ஒட்டிக்கொள்ள வேண்டும். விழுந்தால் ஜன்னலை இன்னும் அகலத் திறந்து பாருங்கள்: இப்போது ஒட்டினால் உள்ளே வரும் காற்று போதவில்லை, அப்போதும் விழுந்தால் குழாயில் எங்கோ அடைப்போ நசுங்கலோ இருக்கிறது. வெளியே போய் மடல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். விசில் மாதிரி சத்தம் வந்தால் காற்று எங்கோ குறுகிய இடத்தில் நெருங்குகிறது. முதல் வளைவை அவிழ்த்துப் பாருங்கள். உறையை மாட்டுவது இதெல்லாம் சரியான பிறகுதான், ஏனென்றால் ஒருமுறை மாட்டிவிட்டால் அதைத் திரும்பக் கழற்ற யாருக்கும் மனம் வராது.